கிணற்றடியில் தொங்கிய பச்சைப் பை

பஸ்ஸின் மிதிபலகையில் பதினெட்டு வருஷம் நின்றவள் நான். இன்றைக்கும் ஒரு கம்பத்தில் பை தொங்கக் கண்டால் என்னால் அதைப் பார்க்க முடியாது. பேசாலைக் கடையொன்றில் பைகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். கிழவி விலைக்குப் பயந்து ஓடுகிறாள் என்று கடைக்காரர் நினைக்கிறார். நினைக்கட்டும். பயந்துதான் ஓடுகிறேன். எதற்கென்பதுதான் அவருக்குத் தெரியாது.

போன மாதம் எங்கள் பஸ் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம்.

"நான் மூண்டாம் வகுப்பு தம்பி. அதிலயும் பாதி நாள் கருவாடு காயப்போட நிண்டனான்."

"உங்கட பகிடியை அப்பிடியே எழுதுங்கோ அக்கா. தலைமன்னாருக்கும் மன்னாருக்கும் இடையில பஸ் நிக்கிற ஹோல்ட்டுகளைத் திரும்பவும் குறைக்கப் போறம். முதல்தரம் குறைச்சு ஓடினது நீங்களும் சூசை அண்ணையும்தானே. அதை எழுதினா புதுசா வந்தவைக்குப் பிரயோசனமா இருக்கும்."

அதைக் கேட்டதும் என் பகிடி பாதி செத்துப்போயிற்று. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். மற்றதைத் திருத்த வேண்டாம்.

நான் கொண்டக்டரான கதை சின்னது. கருவாட்டுப் பெட்டியோடு ஒவ்வொரு நாளும் சூசை அண்ணை ஓட்டும் பஸ்ஸில் மன்னாருக்குப் போய்வந்தேன். ஒருநாள் கொண்டக்டர் வேலையை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் பறந்துவிட்டார். அடுத்த நாள் சனம் ஏறுகிறது, இறங்குகிறது, மணி அடிக்க ஆளில்லை. பொறுக்க முடியாமல் நானே எழும்பி அடித்தேன். இவளுக்கு வாய் பெரிது, காது கூர்மை, யார் எந்த வீட்டுப் படலையில் இறங்குவார் என்பதும் தெரியும் என்று முதலாளி என்னையே வைத்துக்கொண்டார். பொம்பிளைக் கொண்டக்டரைப் பார்க்கவென்றே ஒரு கிழமை சனம் கூடுதலாக ஏறியது. சூசை அண்ணை தந்த பயிற்சி ஒரே ஒரு வசனம்.

"பிலோமினா, விழாமல் நில்லு. மற்றதெல்லாம் தானா வரும்."

ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும். இரண்டு அடித்தால் போக வேண்டும். மூன்று அடித்தால் ஆபத்து, நின்ற இடத்தில் நில். மூன்று மணியை நான் இரண்டு தரம்தான் அடித்திருக்கிறேன். முதல் தரம் பின்சில்லுக்குக் கீழே ஒரு கழுதைக்குட்டி புகுந்தபோது. இரண்டாம் தரத்தைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ரோட்டில் படலைக்குப் படலை ஹோல்ட். கோயிலடி, ஆலையடி, கிணற்றடி, டீச்சர் வீட்டடி. வேலிச் சண்டை பிடித்த அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். அண்ணன் படலையில் பஸ் நின்றால் தம்பி படலையிலும் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கழுதை படுத்தால் தலை அண்ணனின் ஹோல்ட்டில், வால் தம்பியின் ஹோல்ட்டில்.

ஆட்கள் ரோட்டில் காத்து நிற்கவும் மாட்டார்கள். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. பையையோ ஓலை உமலையோ ஹோல்ட் கம்பத்தில் கொளுவிவிட்டு உள்ளே போய் இடியப்பம் அவிப்பார்கள். பை தொங்கினால் ஆள் வருகிறது என்று அர்த்தம். சூசை அண்ணை நிப்பாட்டி ஹோர்ன் அடிப்பார். அந்த அம்மா ஒரு கையால் தலையை முடிந்துகொண்டு, மற்றக் கையால் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடி வருவாள். ஏறினபிறகு குடையை மறந்துவிட்டேன் என்பாள். குடை வரும்வரைக்கும் பஸ் நிற்கும். உள்ளே இருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உத்தியோகத்துக்குப் போகிற கந்தோர்க்காரரும் பல்லைக் கடிப்பார்கள்.

கடித்துக் கடித்துக் கடைசியில் அவர்கள் இறங்கிப்போனார்கள். கந்தோர்க்காரர் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். பிள்ளைகளை முச்சக்கர வண்டிகள் அள்ளிக்கொண்டு போயின. பஸ்ஸில் மிஞ்சியது நானும் கருவாட்டு மணமும்.

அப்போதுதான் ஜவ்பர் நானா மன்னார் பஸ் நிலையத்துக்கு நேரக்காப்பாளராக வந்தார்.

ஜவ்பர் நானா பருத்த மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. இரண்டு கையிலும் இரண்டு மணிக்கூடு கட்டியிருப்பார். "ஒண்டு பஸ்ஸைப் பாக்க, மற்றது இதைப் பாக்க" என்பார். எங்கள் பஸ் ஏழேகாலுக்கு நிலையத்துக்குள் வர வேண்டும். ஏழு பன்னிரண்டுக்கு அவர் எதிர்க்கடையில் பால் விடாத ஒரு பிளேன்ரீ சொல்லுவார். அதை மேசையில் வைத்து, மேலே சோசரால் மூடுவார். நாங்கள் நேரத்துக்கு வந்தால் அவர் அதைக் குடிப்பார். பிந்தி வந்தால் சோசரை எடுத்துவிட்டு, அந்த ஆறின தேத்தண்ணியை என் பக்கமாக மெதுவாக நகர்த்துவார்.

"குடி புள்ள."

நான் குடித்து முடிக்கும்வரைக்கும் இரண்டு மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். என் வாய்க்குப் பயப்படாத ஆள் மன்னார்த் தீவிலேயே இல்லை என்பார்கள். அந்த வாய் அந்தக் கிளாசுக்கு முன்னால் பூட்டிக்கொள்ளும். இதற்கு மேலே ஒரு சட்டமும் இருந்தது. தொடர்ந்து மூன்று நாள் பிந்தினால் காலை ஓட்டம் வேறு பஸ்ஸுக்குப் போகும். எங்களுக்கு வெயில் ஏறின பிறகு போகிற வெறும் ஓட்டம்தான் மிஞ்சும்.

ஒரு கிழமை அவர் எங்களோடு வந்தார். எனக்குப் பக்கத்து ஆசனத்தில் கொப்பியோடு இருந்தார். பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதினார். பஸ் நிற்கிற நேரத்தைத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன்.

"நிக்கிற நேரம் சின்னன் புள்ள" என்றார். "சூசை பிரேக் போடத் தொடங்கினதில இருந்து, திரும்ப நாலாம் கியர் விழும் மட்டும் எண்ணிப் பார். அதுதான் ஒரு ஹோல்ட் தின்னுற நேரம். ஒரு கிழவி இறங்குறதுக்கு இல்ல, இந்த இரும்பு திரும்ப ஓட்டம் பிடிக்கிறதுக்குத்தான் நாம நேரம் குடுக்கிறம்."

எண்ணிப் பார்த்தேன். மனிதர் சொன்னது சரி. நாலாம் கியர் விழுவதற்கு முன்னமே அடுத்த படலையில் அடுத்த பை தொங்கியது.

சங்கம் கூடியது. பேசாலைக்கும் தோட்டவெளிக்கும் இடையில் ஒன்பது ஹோல்ட்டுகளை எடுத்தார்கள். பலகைகளைக் கழற்றினார்கள், கம்பங்களைப் பிடுங்கவில்லை. கம்பம் பிடுங்க வேறு ஆள் வர வேண்டுமாம். அந்த ஆள் இன்னும் வரவில்லை.

சனம் என்னை ஏசியது. மிதிபலகையில் நிற்கிறவளைத்தானே ஏசலாம், சங்கம் மிதிபலகையில் நிற்பதில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பஸ் நேரத்துக்குப் போனது. ஒரு மாதத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். மழைக்காலத்தில் கந்தோர்க்காரரும் வந்தார்கள். நானா சூட்டோடு தேத்தண்ணி குடித்தார். நான் வாயைத் திரும்பவும் திறந்தேன்.

வராமல் போனவர்களும் இருந்தார்கள். கிளினிக்குக்குப் போகிற மனுசியொருத்தி, கால் இழுத்து நடக்கிற ஒரு ஐயா, பிள்ளைத்தாச்சிகள். பஸ்ஸில் இருக்கிறவர் பஸ் பிந்தினால் சத்தம் போடுவார். பஸ்ஸுக்கே வர முடியாதவர் யாரிடம் சத்தம் போடுவது? அவர்களைப் பற்றி நானாவின் கொப்பியில் ஒரு வரியும் இல்லை. எனக்குத் தெரிந்திருந்தது. நானும் சொல்லவில்லை. தேத்தண்ணி சூடாக இருந்தது.

அதற்குப் பதிலாக நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். மன்னாரில் வேலை செய்கிற மனுசனுக்குச் சாப்பாடு, சொந்தக்காரருக்குக் கருவாடு என்று அனுப்ப இருக்கிறவர்கள் பார்சலைப் பழைய கம்பத்தில் கொளுவிவிடலாம் என்று சொல்லிவைத்தேன். சூசை அண்ணை ஓட்டத்தைக் கொஞ்சம் தளர்த்துவார். நான் மிதிபலகையில் சரிந்து, போகிற போக்கிலேயே பறித்துக்கொள்வேன். பஸ் நிற்காது, கொப்பியில் ஒன்றும் விழாது. பருந்து மீன் தூக்குவதுபோல இருக்கும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். எனக்கு அதில் நல்ல பெருமை.

ஆள் வருகிறது என்று தொங்கிய பை, இப்போது ஆள் வரவில்லை, என்னைக் கொண்டுபோ என்று தொங்கியது. ரோட்டுச் சனம் முழுவதும் இதைப் பழகிவிட்டது. ஜெனிற்றா பழகியிருக்கவில்லை.

ஜெனிற்றா கிணற்றடி வீட்டுப் பிள்ளை. இலுப்பைக்கடவையில் கலியாணம் முடித்துப் போனவள், தலைப்பிள்ளைக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். ஹோல்ட் எடுத்ததைத் தாய் சொல்லியிருக்கிறாள். பார்சல் கதையைச் சொல்லவில்லை. அன்று காலை தாய் கருவாடு காயப்போடுகிற வாடிக்குப் போனபிறகு இவளுக்கு அடிவயிறு இழுக்கத் தொடங்கியிருக்கிறது. தலையிடி, கண் மங்கல். அக்கம்பக்கத்தில் ஒருவருமில்லை. அந்த நேரத்தில் முச்சக்கர வண்டியெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு போயிருக்கும். எடுக்காமல் விட்ட அடுத்த ஹோல்ட்டுக்கு நடக்க ஏலாது. ஆகவே ஆஸ்பத்திரிக்கு அடுக்கிவைத்த பச்சைச் சீலைப் பையைச் சின்ன வயதிலிருந்து கொளுவிய கம்பத்திலேயே கொளுவிவிட்டு, ஓலைக் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் நிழலில் குந்தியிருக்கிறாள். இதெல்லாம் பிறகு அறிந்தது.

அன்று நாங்கள் ஏற்கெனவே இரண்டு நாள் பிந்தியிருந்தோம். ஒருநாள் டயர், ஒருநாள் காற்றில் விழுந்த மரம். இரண்டு நாளும் ஆறின தேத்தண்ணி. மூன்றாம் நாள்.

"பிலோமினா, பச்சைப் பை" என்றார் சூசை அண்ணை.

"நிப்பாட்டாதேங்கோ. தூக்கிறன்."

தூக்கினேன். சாப்பாட்டுப் பார்சலை விடப் பாரமாக இருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். வேலிப் பக்கம் ஒருவரையும் காணவில்லை என்றுதான் பிறகு எல்லாருக்கும் சொன்னேன். பையை என் ஆசனத்துக்குக் கீழே தள்ளிவிட்டு மற்ற வேலையைப் பார்த்தேன்.

தோட்டவெளி வரப்போகிற நேரம் பை பாட்டுப் பாடியது.

முதலில் யாரோ பிள்ளையின் போன் என்று நினைத்தேன். பாட்டு காலடியிலிருந்து வந்தது. பையைத் திறந்தேன். மேலே சின்னத் துவாய் ஒன்று, புதுச் சட்டைகள். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிய சட்டைகள். அதற்குக் கீழே கிளினிக் கொப்பி. கொப்பிக்குள் போன்.

இரண்டு தரம் அடித்து ஓய விட்டேன். மூன்றாம் தரம் அடித்தபோது எடுத்தேன்.

"ஜெனி, பஸ் ஏறிட்டியே?" ஆம்பிளைக் குரல், ஜெனிற்றாவின் புருஷன். கடல் இரைச்சலும் கேட்டது.

"நான் கொண்டக்டர் அக்கா தம்பி."

"ஜெனி எங்க? அவவின்ர போன் உங்களிட்ட என்னண்டு?"

பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறேன். அன்று வாயில் வந்தது இதுதான்.

"இருக்கிறா தம்பி. சாஞ்சு நித்திரையாப் போனா."

"எழுப்பிக் குடுங்கோவன். தலையிடிக்குது எண்டு சொன்னவ. பிரஷர் கூடினா உடன கொண்டுபோகச் சொல்லி டொக்டர் சொன்னவர். அதுதான் பயமாக் கிடக்கு."

"சனம் கூட. ஆஸ்பத்திரியில இறங்கினவுடன கதைக்கச் சொல்லுறன்."

போன் ஓய்ந்தது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேன். அதில் சொன்ன பெண் பஸ்ஸில் இல்லை. அவள் எங்கே, இருக்கிறாளா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. நான் மூன்று மணி அடித்தேன்.

பஸ் குலுங்கி நின்றது. சூசை அண்ணை திரும்பிப் பார்த்தார். பையைத் தூக்கிக் காட்டினேன். குழந்தைச் சட்டை ஒன்று நழுவி விழுந்தது. அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"திருப்பினா முக்கால் மணித்தியாலம் பிந்தும்" என்றார்.

"ஓம்."

"காலை ஓட்டம் போயிடும்."

"சூசை அண்ணை, திருப்புங்கோ."

முன்னாசனத்தில் ஒரு கந்தோர் ஐயா எழும்பினார். "இதென்ன விளையாட்டு? எனக்கு எட்டு மணிக்குக் கந்தோர். ஆளை முதல் இறக்கிப்போட்டுத் திருப்பு!"

அவருக்குப் பின்னால் இருந்த கருவாட்டுக்கார அந்தோனியா மச்சாள் அவருடைய தோளைப் பிடித்து அமர்த்தினாள். "இருங்கோ ஐயா. உங்கட கொம்மாவும் உங்களை எங்கையோ ஒரு ஹோல்ட்டுக்குக் கொண்டுபோய்த்தான் பெத்தவ."

பஸ் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இப்படி ஒன்றை நான் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தரம்.

கிணற்றடிக்குத் திரும்பி வந்தோம். கம்பம் மட்டும் நின்றது. அடியில் இரண்டு கழுதைகள். ஒருவரும் இல்லை.

"ஜெனிற்றா!" என்று கத்திக்கொண்டு படலைக்குள் ஓடினேன். கதவு திறந்தபடி. அடுப்பு தணிந்திருந்தது. கிணற்றுக்கட்டில் வாளி சரிந்து கிடந்தது, கட்டு ஈரமாக இருந்தது. தலைச்சுற்றுக்காரி, முகம் கழுவ வந்திருப்பாள், எட்டியிருப்பாள் என்று மனம் தன்பாட்டில் ஓடியது. கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். வேலியைப் பிடித்துப் பிடித்துப் போனேன். கட்டில் இரண்டு கையையும் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். பிறகு திறந்தேன். கீழே வானமும் என் தலையும்தான் தெரிந்தன. என் முகம் எனக்கே பிடிக்கவில்லை.

"மாதாவே, எங்க போயிட்டாள்?"

"ஏறு" என்றார் சூசை அண்ணை. "பஸ்ஸுக்குப் பின்னால நடந்திருப்பாள். மெதுவாப் போவம். நீ இடப்பக்கம் பார்."

பஸ் மன்னார்ப் பக்கம் ஊர்ந்தது. நாற்பது பேரும் யன்னலால் பார்த்தார்கள். இடப்பக்கம் இளம்பனை வடலிப் பற்றை, உடைமரம், மணல், திரும்ப வடலி. நான் பற்றைகளுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். சூசை அண்ணைதான் ரோட்டைப் பார்த்தார்.

"செருப்பு" என்றார்.

தார் ரோட்டின் ஓரத்தில், ஒற்றைப் பனைக்கு நேராக, ஒற்றைச் செருப்பு ஒன்று. தவறி விழுந்த செருப்பு அப்படிக் கிடக்காது. ரோட்டைப் பார்த்து நேராக வைத்திருந்தது. பையைத்தான் நாங்கள் கொண்டுபோய்விட்டோமே. ஆள் இருக்கிறது என்று காட்ட அவளிடம் மிஞ்சியது அதுதான். திரும்பி வருகிறபோது மற்றப் பக்கத்தால், கிணற்றடியையே நினைத்துக்கொண்டு, அதைக் கடந்து போயிருக்கிறோம்.

பனைக்குப் பின்னால் வடலிக்குள் முழங்காலில் இருந்தாள். முகம் வீங்கிச் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் பேசியது ஒன்றுதான்.

"அக்கா, என்ர பை."

அந்தோனியா மச்சாளும் நானும் அவளைத் தூக்கி ஏற்றினோம். பின்னாசனம் முழுவதையும் சனம் விட்டுத் தந்தது. கந்தோர் ஐயா தன் கோப்பால் விசிறினார். தோட்டவெளி கடந்ததும் போன் திரும்பப் பாடியது. நான் அவள் காதோடு, "நீ நித்திரை எண்டு சொல்லிப்போட்டன்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓம், கண்ணயர்ந்து போனன். பஸ்ஸிலதான். பயப்பிடாதேங்கோ" என்றாள். நோவுக்கு நடுவில் எனக்காகப் பொய் சொன்னாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கே பஸ்ஸை விட்டார் சூசை அண்ணை. நேர்ஸ் கிளினிக் கொப்பியைப் புரட்டினாள், பிரஷர் பார்த்தாள், அவள் முகம் மாறியது.

"இந்த நிலையில இவவை நடக்க விட்டது ஆர்?"

அந்தோனியா மச்சாள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். கதவு மூடியது.

நிலையத்துக்குள் போனபோது எட்டு மணி கடந்துவிட்டது. மேசையில் சோசரால் மூடிய கிளாஸ். நானா எழும்பவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பார்சல் கெட்டித்தனத்தையும் சேர்த்து. எல்லாவற்றையும் என்று எழுதிவிட்டேன், ஒன்றைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "எத்தன அடி நடந்தா?"

"தெரியாது நானா."

சோசரை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் கிளாசை என் பக்கம் நகர்த்தவில்லை. தானே எடுத்து, அந்த ஆறின தேத்தண்ணியை ஒரு மிடறு மிச்சமில்லாமல் குடித்தார். எனக்குச் சூடாக ஒன்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மத்தியானம் வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாய்க்கு இரண்டு நாள் நினைவு சரியாக இல்லை. அந்த நாட்களில் ஒவ்வொரு ஓட்டம் முடியவும் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவேன், உள்ளே போகப் பயந்து திரும்பி வருவேன். ஒரு மாதம் பகிடி விடமாட்டேன் என்று மாதாவுக்கு நேர்ந்தேன். அந்த மாதம்தான் தன் வாழ்க்கையிலேயே பயங்கரமான மாதம் என்று சூசை அண்ணை இன்றைக்கும் சொல்கிறார்.

இருவரும் தப்பினார்கள்.

பிள்ளை பிறந்த அடுத்த காலை நானா முதல் பஸ்ஸில் வந்து கிணற்றடியில் இறங்கினார். கையில் உமல், பிள்ளைத்தாச்சியின் பாரத்துக்கென்று உமலுக்குள் நாலு தேங்காய். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த அடுத்த ஹோல்ட்டை நோக்கி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தார். நாங்கள் மன்னாருக்குப் போய்த் திரும்பி வரும்போதும் அவர் போய்ச் சேரவில்லை. வழியில் ஒரு மதகில் குந்தியிருந்தார்.

"பஸ்ஸுக்கு எண்ணினன் புள்ள" என்றார் வியர்வையைத் துடைத்தபடி. "காலுக்கு எண்ணாம விட்டுட்டன்."

எடுத்த ஒன்பதையும் அவர் திரும்பக் கொடுக்கவில்லை. கொடுத்தால் பிள்ளைகள் திரும்பவும் இறங்கிப்போவார்கள் என்றார். இரண்டைத்தான் கொடுத்தார், அதுவும் பழைய இடத்தில் அல்ல. ஒன்று அவர் குந்தியிருந்த மதகடியில். மற்றது செருப்புக் கிடந்த ஒற்றைப் பனையடியில். சூசை அண்ணை அதற்குச் செருப்படி என்று பெயர் வைக்கச் சொன்னார், சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பார்சல் பறிப்பதை நானா நிறுத்தினார். பை தொங்கினால் பஸ் நிற்க வேண்டும், இறங்கி ஆளைத் தேட வேண்டும், ஆள் இல்லையென்று கண்ட பிறகுதான் பை ஏற வேண்டும். பஸ் முந்தியதை விடக் கொஞ்சம் பிந்தியது. ஏழு பதினைந்தை அவரே ஏழு பதினெட்டு ஆக்கினார். காலை ஓட்டம் எங்களிடமே இருந்தது.

அந்தப் பிள்ளைக்குப் பெயர் மெர்லின். இப்போது ஆறாம் வகுப்பு. போன கிழமை ஒரு கடதாசியோடு என் வீட்டுக்கு வந்தாள். நிறையக் கையெழுத்து.

"ஆச்சி, நீங்களும் ஒரு கையெழுத்து வையுங்கோ. ஒற்றைப்பனையடி ஹோல்ட்டை எடுக்கச் சொல்லிச் சங்கத்துக்குக் குடுக்கப் போறம்."

"ஏன் பிள்ளை, அது உனக்கு என்ன செய்தது?"

"பஸ் நிண்டு நிண்டு போக, பள்ளிக்கூடக் கேற்றைப் பூட்டிப்போடுவினம். அதில ஒருத்தரும் ஏறுறேல்லை ஆச்சி. எப்பவாவது ஒரு கிழவி மட்டும்."

"அந்தக் கிழவி நான்தான்டி."

"தெரியும். அதுதான் உங்கட கையெழுத்து முக்கியம்."

நல்ல வாய். எங்கே பழகினாளோ.

"கொம்மாட்டக் கேட்டியே?"

"கேட்டனான். பிலோமினா ஆச்சி வைச்சா நானும் வைக்கிறன் எண்டா."

ஆக, ஜெனிற்றா இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை கேட்பதிலும் பிழையில்லை. நானா உயிரோடு இருந்தால் கொப்பியைத் திறந்து, நாலாம் கியரைப் பற்றிச் சொல்லி, அவள் பக்கம்தான் பேசியிருப்பார். பேசி முடித்துத் தேங்காயைத் தூக்கிக்கொண்டு நடந்தும் பார்த்திருப்பார். கடதாசி என் அலுமாரிக்குள் இருக்கிறது. இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கிறதோ விடுகிறதோ, அதற்கு முன்னம் ஒன்றை எழுத வேண்டும். நானாவிடமும் அதைச் சொல்லவில்லை. எனக்காக ஆறின தேத்தண்ணி குடித்த மனிதரிடம் அதை மறைத்தேன்.

அன்று பையைத் தூக்கினபோது வேலிக்கு மேலே ஒரு கை தெரிந்தது. சிவப்பு வளையல் போட்ட கை. பார்சல் தந்தவர்கள் கை காட்டி வழியனுப்புவது வழக்கம், அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழியனுப்புகிற கை பக்கவாட்டில் ஆடும். இது மேலும் கீழுமாக ஆடியது. பஸ்ஸை நிப்பாட்டுகிற கை. பதினெட்டு வருஷம் அந்தக் கையைப் பார்த்துத்தான் மணி அடித்தேன், எனக்கு அது தெரியாமல் போகுமா? மணிக்கயிறு என் தலைக்கு மேலேதான் இருந்தது. மேசையில் சோசரால் மூடிய கிளாஸ் என் கண்ணுக்குள் வந்தது. அதற்குப் பயந்தேன். கயிற்றைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியால் வந்தபிறகு ஒருநாள் ஜெனிற்றா கேட்டாள்.

"அக்கா, நான் கை காட்டினனான். காணேல்லையே?"

"காணேல்லைப் பிள்ளை."

"ஓம், வேலி உயரம். தெரிஞ்சிராது" என்றாள்.

அந்த வேலி உயரமே இல்லை. மலர் வந்தபிறகு என் படலையில் யாராவது நின்றால் திறக்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் மெர்லின் உரத்து வாசிப்பாள், தாய் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஜெனிற்றா, நான் கண்டனான்.